ஏக்கருக்கு 600 கிலோ சோளம்: விதையா, மண்ணா, புழுவா?

மேட்டுக்காணி, நெடுங்கேணி:

வணக்கம். ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணி, செம்மண், கீழ்ப்பக்கம் கொஞ்சம் பள்ளம். காலபோகச் சோளம் (மாரி மழைக்குச் செய்யிற மக்காச்சோளம்), மழையை நம்பித்தான். உழவு பிந்தி நவம்பர் 8 ஆம் திகதிதான் விதைச்சது. 110 நாள் கலப்பின விதை, 8 கிலோ. கயிறு பிடிக்கேல்லை, கண் மதிப்பில் குத்திப் போட்டது. அடிக்கட்டுக்கு, அதாவது விதைக்கேக்க மண்ணில் போடுற பசளைக்கு, ரீஎஸ்பி (மணிச்சத்துப் பசளை) 25 கிலோ மட்டும். 45 ஆம் நாள் யூரியா ஒரு மூடை, 50 கிலோ, மேலால எறிஞ்சது. களை ஒருதரம், 35 நாளில். படைப்புழுவுக்கு இரண்டுதரம் மருந்து.

உதிர்த்து நிறுத்தால் 900 கிலோ, அதாவது ஏக்கருக்கு 600. பக்கத்துக் காணியில் அதே விதைக்கு 1,600 எண்டு சொல்லினம். விதை பழசு எண்டு ஒரு ஆள், மண் செத்துப்போச்சு எண்டு இன்னொரு ஆள், புழுதான் எண்டு மற்ற ஆள். வாற போகத்துக்கு விதையை மாத்துறதோ, பசளையைக் கூட்டுறதோ? கையில உள்ள காசுக்கு ரெண்டும் ஏலாது. தட்டை இன்னும் வெட்டேல்லை. உதிர்க்காத பொத்தி ஒரு சாக்கு கிடக்கு.

கமக்காரன், ஓமந்தை:

தட்டை நிற்குது, பொத்தி கிடக்கு எண்டால் ஆரையும் கேட்கத் தேவையில்லை தம்பி, ரெண்டும் சேர்ந்தே கதையைச் சொல்லும். விதைக்கும் மண்ணுக்கும் பழி போட முதல் எண்ணிப் பாருங்கோ.

விளைச்சல் எண்டது நாலு எண்ணின் பெருக்கம்: ஏக்கருக்கு எத்தனை பொத்தி, பொத்திக்கு எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை மணி, ஒரு மணி என்ன நிறை. இந்த நாலும் ஒரே நாளில் முடிவாகிறதில்லை. செடி எண்ணிக்கை முதல் மூன்று கிழமையில் முடிஞ்சிடும். வரிசை எண்ணிக்கை செடி முழங்கால் உயரத்துக்கு வர முதலே உள்ளுக்க தீர்மானமாகிடும். வரிசையின் நீளம் பொத்தி நுனியில் நூல் (பட்டு மயிர்) தள்ளும் வரைக்கும், நிறை அதுக்குப் பிறகு. ஆகவே எந்த எண் சறுக்கியிருக்கோ, அந்தக் காலத்தில்தான் பிழை.

எண்ணும் முறை இது. காணியில் செடி வரிசைக்கு வரிசை 2 அடி எண்டால், 21 அடி 9 அங்குலம் நீள வரிசை ஏக்கரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கயிற்றை அந்த நீளத்துக்கு வெட்டுங்கோ. காணியில் பத்து இடத்தில், நல்ல இடம் பார்த்துப் பொறுக்காமல், நடந்த வாக்கில் கயிற்றைப் போட்டு, அதுக்குள்ள நிற்கிற தட்டையை எண்ணுங்கோ. 12 வந்தால் ஏக்கருக்கு 12,000. பொத்தி பிடுங்கின தட்டையில் காம்பு முறிஞ்ச தழும்பு இருக்கும், பொத்தி பிடிக்காத மலட்டுத் தட்டையில் இருக்காது. அதையும் வேறாக எண்ணுங்கோ. உங்கட வரிசை கண் மதிப்பு எண்டபடியால் முதலில் பத்து வரிசையின் அகலத்தை அளந்து சராசரி எடுங்கோ. 2 அடி இல்லையெண்டால் 43.56 ஐ அந்த அடியால் பிரிச்சால் கயிற்று நீளம் வரும்.

பிறகு சாக்குக்குள்ள கையை விட்டு, கண்ணால் பார்க்காமல் 20 பொத்தி எடுங்கோ. வரிசையை எண்ணுங்கோ (எப்பவும் இரட்டை எண்ணாகத்தான் வரும்), ஒரு வரிசையில் எத்தனை மணி எண்டும் எண்ணுங்கோ. 100 மணியை நகைத் தராசிலோ சமையல் தராசிலோ நிறுத்துச் சொல்லுங்கோ.

இன்னொண்டு. பொத்தியின் நுனியை வடிவாப் பாருங்கோ. அங்கங்க மணி விழாமல் பல்லுப் போன மாதிரி இருந்தால் மகரந்தம் சேரேல்லை. மணி வரிசையாக வந்து நுனியில் மட்டும் சுருங்கின, வெளிறின பொடி மணி இருந்தால், கரு கட்டின பிறகு தண்ணியோ பசளையோ காணாமல் செடியே கைவிட்டது. பொத்தியின் அடியில் இருக்கிற மணிக்குத்தான் நூல் முதலில் வரும், நுனிக்குக் கடைசியில். பஞ்சம் வந்தால் கடைசிப் பிள்ளைதான் பட்டினி.

சோளத்தான், செட்டிகுளம்:

புழுவை இவ்வளவு லேசாக விடேலாது. 2018 இல் நாட்டுக்குள்ள வந்ததிலிருந்து சோளம் செய்யிற எல்லாருக்கும் படைப்புழுதான் முதல் பயம். இரண்டுதரம் அடிச்சதெண்டு எழுதியிருக்கிறீங்கள், எத்தனையாம் நாள், எத்தனை மணிக்கு, குருத்துக்குள்ளயா இலை மேலயா எண்டு எழுதேல்லை. அதிலதான் எல்லாம் இருக்கு.

முட்டை பொரிக்க இரண்டு மூன்று நாள். குஞ்சுப் புழு இலையின் பச்சையைச் சுரண்டும், இலையில் கண்ணாடி மாதிரிச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும். அப்ப அடிச்சால்தான் மருந்து பிடிக்கும். ஒரு கிழமைக்கு மேல விட்டால் புழு குருத்துக்குள்ள இறங்கி, மரத்தூள் மாதிரித் தன்ர எச்சத்தாலேயே வாசலை அடைச்சிடும். அதுக்குப் பிறகு வெளியால எவ்வளவு அடிச்சாலும் காசு நட்டம். எமாமெக்டின், ஸ்பினெட்டோராம், குளோரன்ட்ரனிலிப்ரோல் எதுவாக இருந்தாலும் போத்தலில் உள்ள அளவுக்கு, வெயில் தணிஞ்ச பிறகு, தெளிக்கிற வாயைக் குருத்துக்கு நேராகப் பிடிச்சு. ஒரே மருந்தை அடுத்தடுத்து அடிக்கவேண்டாம், புழு பழகிடும்.

பார்க்கிற விதம்: ஐந்து இடத்தில் இருபது இருபது செடி. முழங்கால் உயரத்துக்குள்ள, நூறில் இருபது செடிக்கு மேல புதுச் சுரண்டல் இருந்தால் அடிக்கலாம். பழைய ஓட்டையைப் பார்த்து அடிக்காதேங்கோ, குருத்து சுத்தமாக வருகுதெண்டால் புழு போயிட்டுது. தலையில் கவிழ்த்த கவட்டுத் தடி மாதிரி வெள்ளைக் கோடு, வால் பக்கத்தில் சதுரமாக நாலு கறுப்புப் பொட்டு. இதைப் பார்த்த பிறகுதான் படைப்புழு எண்டு சொல்லலாம்.

மேட்டுக்காணி, நெடுங்கேணி:

எண்ணிப்போட்டன். வரிசை சராசரி 2 அடிதான் வந்தது. மேல் பக்கம் ஏழு இடம்: 14, 15, 14, 14, 15, 14, 14. பள்ளப் பக்கம் மூன்று இடம்: 7, 6, 7. சராசரி 12. அதில் பொத்தி பிடிச்ச தட்டை சராசரி 10.

பொத்தி: வரிசை 12, வரிசைக்கு 21 மணி. நுனியில் ஒரு விரல் அகலத்துக்குப் பொடி மணி, நடுவில் ஓட்டை இல்லை. 100 மணி 24 கிராம்.

மருந்து அடிச்சது 25 ஆம் நாளும் 40 ஆம் நாளும், ஓட்டையைப் பார்த்துத்தான். சில பொத்தியில் புழு தின்ற தடம் இருக்கு, இருபதில் மூன்று.

கமக்காரன், ஓமந்தை:

இப்ப பெருக்கிப் பாருங்கோ. 10,000 பொத்தி, ஒரு பொத்திக்கு 252 மணி, ஒரு மணி 0.24 கிராம். 605 கிலோ. தராசு சொன்னதும் இதுதான். ஆகவே எண்ணினதில் பிழையில்லை.

முதல் ஓட்டை செடி எண்ணிக்கை. 2 அடிக்கு 1 அடி நட்டால் ஏக்கருக்கு 21,780 குழி. ஆயிரம் மணி 300 கிராம் எண்டு வைச்சால் 8 கிலோவில் 26,600 விதை, ஒன்றரை ஏக்கருக்குப் பிரிச்சால் ஏக்கருக்கு 17,700 தான். விதைக்கும்போதே நாலாயிரம் குறைவு. அதில் 12,000 தான் தங்கினது. மயில், ஆழம், தண்ணி, புழு எல்லாம் சேர்ந்து மிச்சம் ஐயாயிரத்துச் சொச்சத்தை எடுத்திட்டுது.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். செடி ஐதாக நின்றால் பொத்தி பருக்கவேணும். இடமும் வெளிச்சமும் தாராளம். உங்களுக்கு ஐதாகவும் நின்று பொத்தியும் சிறுத்திருக்கு. நெருக்கத்தால் வந்த சிறுப்பு இல்லை, பசியால் வந்தது. கலப்பின விதையில் 14, 16 வரிசை வழமை. 12 க்கு இறங்கினால் முதல் மாதத்திலேயே செடி பட்டினி கிடந்திருக்கு. யூரியா 45 ஆம் நாள், களை 35 ஆம் நாள். அந்த ஐந்து கிழமையும் உங்கட மண்ணில் இருந்த தழைச்சத்தை (நைதரசனை) களைதான் திண்டது. முதல் களை 15 நாளில், இரண்டாவது 28 இல். பிறகு பயிரே நிழல் போட்டு மூடிடும்.

யூரியாவில் 46 வீதம் தழைச்சத்து. 50 கிலோவில் 23 கிலோ, ஒன்றரை ஏக்கருக்குப் பிரிச்சால் 15 கிலோ. ஒரு தொன் மணி விளைய, தட்டையும் இலையும் சேர்த்துப் பயிர் எடுக்கிற தழைச்சத்து ஏறக்குறைய 20 தொடக்கம் 25 கிலோ. மண்ணிலிருந்து கொஞ்சம் வரும், மேலால எறிஞ்சதில் கொஞ்சம் காற்றில் போகும். அப்படி இப்படிப் பார்த்தாலும் 600, 700 கிலோவுக்குத்தான் நீங்கள் சாப்பாடு போட்டிருக்கிறீங்கள். விதை என்ன செய்யும்?

கீழ் இலை நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக ஆப்பு அடிச்ச மாதிரி மஞ்சளிச்சு உள்ளுக்க வந்திருந்தால் அது தழைச்சத்துக் குறை. ஓரம் மட்டும் கருகினால் பொட்டாசு. இளம் இலையின் அடிப்பக்கம், நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை விழுந்தால் நாகச்சத்துக் (சிங்க்) குறை. வாற முறை 25 ஆம் நாளே பார்த்துவிடலாம், அறுவடை வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

சோளத்தான் சொன்ன புழு உண்மைதான், இருபதுக்கு மூன்று பொத்தி. அந்த மூன்றிலும் பாதி மணி போனதெண்டு வைச்சாலும் ஏழு எட்டு வீதம். 600 ஐ 650 ஆக்கும், 1,600 ஆக்காது.

மல்லாவி வாசகன்:

ஒருவரும் பள்ளத்தைப் பற்றிக் கதைக்கேல்லை. மேல 14, கீழ 7. விதை ஒண்டு, கை ஒண்டு, மயில் ஒண்டு. நவம்பர் மழையில் அங்க தண்ணி நின்றிருக்கு. சோளத்தின் வளர்முனை முதல் மூன்று கிழமை மண்ணுக்குக் கீழதான் இருக்கும், ஆறு இலை வந்த பிறகுதான் மேல வரும். அந்தப் பருவத்தில் இரண்டு நாள் தண்ணி கட்டினால் செத்துப்போம், தப்பினது ஊதா நிறமாக நின்று பிடிக்கும், பொத்தி பிடிக்காது. உங்கட மலட்டுத் தட்டை எல்லாம் எந்தப் பக்கம் எண்டு பாருங்கோ. தண்ணி நின்ற மண்ணில் போட்ட யூரியாவும் வாயுவாகிக் காற்றில் போயிடும்.

தட்டை இருக்கேக்க இன்னொரு சோதனை. பள்ளத்தில் ஐந்து, மேட்டில் ஐந்து தட்டையை மண்வெட்டியால் சுற்றி வெட்டி வேரோட கிளப்புங்கோ, இழுத்துப் பிடுங்காதேங்கோ. வேர் ஆறு அங்குலத்தில் திடீரெண்டு மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தால் கீழ இறுகின மண்தட்டு இருக்கு. வருசா வருசம் ரொட்டவேற்றரால் ஒரே ஆழத்துக்கு அடிச்சு வந்த தட்டு அது. மழைக்குத் தண்ணி இறங்காது, மழை விட்டால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழ போகவும் வழியில்லை. இரண்டு பக்கமும் அடி. ஓகஸ்ட், செப்டம்பரில் மண் நல்லாக் காய்ஞ்சிருக்கேக்க கொத்துக் கலப்பையை ஒரு அடி ஆழத்துக்கு ஒருதரம் இறக்கினால் உடையும். ஈரத்தில் உழுதால் கலப்பை கீறிக்கொண்டு போகும், தட்டு உடையாது.

பள்ளத்துக்கு என்ர அபிப்பிராயம்: அந்தக் கால் ஏக்கரோ அரை ஏக்கரோ சோளத்துக்கு வேண்டாம், நெல்லுக்கு விடுங்கோ. விடேலாது எண்டால் சாய்வுக்குக் குறுக்கால் மேடும் சாலுமாக எடுத்து மேட்டின் தோளில் விதையுங்கோ. கீழ் எல்லையில் ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி வெளியால விடுங்கோ. சாய்வோட நேராகச் சால் போட்டால் மேல்மண் அரிச்சுக்கொண்டு போயிடும்.

மேட்டுக்காணி, நெடுங்கேணி:

மலட்டுத் தட்டை பாதிக்கு மேல பள்ளத்தில்தான். வேரும் கிளப்பிப் பார்த்தன், மேட்டிலும் மடங்கித்தான் இருக்கு, ஏழு அங்குலத்தில்.

அப்ப பசளை எவ்வளவு? ஏக்கருக்கு யூரியா 130 கிலோ எண்டு சொல்லினம். ஒன்றரை ஏக்கருக்கு நாலு மூடை வரும், ஏலாது.

கமக்காரன், ஓமந்தை:

130 கிலோ எண்டது அடிக்கட்டு 30, மேற்கட்டு (வளருற பயிருக்குப் போடுறது) 100. அதோட ரீஎஸ்பி 40, எம்ஓபி (பொட்டாசுப் பசளை) 20. 20,000 செடி நிற்கிற காணிக்கான கணக்கு அது. 12,000 செடிக்குப் போட்டால் களைக்குத்தான் விருந்து.

காசு குறைவு எண்டால் காணியைக் குறையுங்கோ. ஒன்றரை ஏக்கருக்கு அரைகுறையாகப் போடுறதை மேட்டு ஒரு ஏக்கருக்கு முழுசாகப் போடுங்கோ. உழவு, களை, மருந்து, காவல் எல்லாம் மூன்றில் ஒன்று மிச்சம், அந்தக் காசுதான் யூரியா. அடிக்கட்டைக் கடைசி உழவோட மண்ணில் கலவுங்கோ. மேற்கட்டை ரெண்டாகப் பிரிச்சு, 50 கிலோ 28 ஆம் நாள் களை எடுத்த கையோட. மிச்சம் 50 ஐ 42 ஆம் நாள் அளவில், செடியை எண்ணி, மண்ணில் ஈரமும் இருந்தால் மட்டும். எண்ணிக்கை 18,000 க்குக் கீழ எண்டால் பாதி போதும். மாட்டெரு கிடைச்சால் இரண்டு தொன் எண்டாலும் உழவுக்கு முதல் போடுங்கோ, யூரியாவைப் பிடிச்சு வைக்கும்.

50 கிலோவை 20,000 செடிக்குப் பிரிச்சால் ஒரு செடிக்கு 2.5 கிராம். சோடாப் போத்தல் பிளாஸ்ரிக் மூடியால் 20 மூடி அளந்து நிறுத்துப் பாருங்கோ. 100 கிராமுக்குக் கிட்ட வந்தால் ஒரு மூடி 5 கிராம், செடிக்கு அரை மூடி. தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி, இரண்டு அங்குலம் கீறிப் போட்டு மண்ணை இழுத்து மூடுங்கோ. அதே கையோட மண் அணைச்சால் வேலை ஒண்டு மிச்சம். கொட்டுற மழைக்கு முதல் நாள் போடாதேங்கோ, மழை விட்டு அடுத்த நாள் போடுங்கோ.

விதைப்பு ஒக்டோபர் நடுவில், நிலம் ஒரு சாண் நனைஞ்ச உடனே. நீங்கள் நவம்பர் 8 இல் போட்டது டிசம்பர் கடைசியில் பூத்திருக்கும், மணி பால் பிடிச்சு முத்துற நாளெல்லாம் ஜனவரி. வன்னியில் அப்ப மழை குறையத் தொடங்கிடும். 24 கிராமும் நுனிப் பொடியும் அதில் வந்ததுதான். பூக்க முதல் இரண்டு கிழமை, பூத்த பிறகு இரண்டு கிழமை, இந்த ஒரு மாதத்தில் மண் காயக்கூடாது. உழவு மெசினுக்குக் காத்திருக்கிறதெண்டால் முதல் உழவை செப்டம்பரிலேயே முடிச்சு வையுங்கோ, மழைக்குப் பிறகு ஒரு கீறல் காணும்.

சோளத்தான், செட்டிகுளம்:

எண்ணிக்கைக் கணக்குச் சரி எண்டு ஒத்துக்கொள்ளுறன். ஆனால் ஒக்டோபரில் போட்டால் மயில் கூட. முதல் பத்து நாள் விடியவும் பொழுதுபடவும் ஆள் நிற்கவேணும், முளை இரண்டு இலை விட்ட பிறகு கிண்டாது. விதை இரண்டு அங்குல ஆழம், மேல காலால ஒரு மிதி. ஒரு குழிக்கு ஒண்டு, அடுத்த குழிக்கு ரெண்டு எண்டு மாறிமாறிப் போடுங்கோ, ஏக்கருக்கு 10 கிலோ முடியும். பத்தாம் நாளுக்குள்ள ரெண்டு நிற்கிற இடத்தில் ஒண்டை மழை ஈரத்தில் மண்ணோட கிளப்பி வெறுங் குழியில் வைக்கலாம். அதுக்குப் பிந்தி நிரப்புறது வீண், பக்கத்துச் செடியின் நிழலில் நின்று மலடாகப் போகும்.

விதையை மாத்தத் தேவையில்லை, அதே ரகம் போதும். ஆனால் அந்தச் சாக்கில் உள்ள பொத்தியை விதைக்கு எடுத்திடாதேங்கோ. கலப்பினத்தின் மணியை மறுபடி விதைச்சால் ஒண்டு உயரம், ஒண்டு கட்டை, ஒண்டு முந்தி, ஒண்டு பிந்தி வரும். விதை வைச்சு விதைக்க விருப்பமெண்டால் பத்ரா, ருவான் மாதிரி ரகத்தை எடுங்கோ. விளைச்சல் குறைவு, ஆனால் விதைச் செலவு ஒருமுறைதான்.

மல்லாவி வாசகன்:

பக்கத்துக் காணி 1,600 ஐயும் அப்படியே நம்பவேண்டாம், எந்த ஈரத்தில் நிறுத்தது எண்டு கேளுங்கோ. 22 வீத ஈரத்தில் 1,600 கிலோ எண்டால் 13 வீதத்துக்குக் காய்ஞ்சால் 1,434 தான். மணியின் அடியைக் கிள்ளிப் பார்த்துக் கறுப்புப் புள்ளி வந்திட்டால் முத்தினது முடிஞ்சுது, அதுக்குப் பிறகு நிறை ஏறாது. ஆனால் அந்த நேரம் ஈரம் 30 வீதத்துக்கு மேல. அப்படியே மூடையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், கோழித்தீன்காரர் வாங்கமாட்டினம்.

ஈரமானி இல்லையெண்டால்: உப்பைச் சட்டியில் வறுத்து ஆறவிடுங்கோ. நல்லாக் காய்ஞ்ச கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்குக்கு மணி, மூன்று கரண்டி உப்பு, மூடி மூன்று நிமிசம் குலுக்கிக் கால் மணித்தியாலம் வையுங்கோ. உப்பு போத்தல் சுவரில் ஒட்டினால் 15 வீதத்துக்கு மேல, இன்னும் படங்கில் காயவேணும். ஒட்டாவிட்டால் 15 க்குக் கீழ எண்டு மட்டும்தான் அர்த்தம், மூடை கட்டி வைக்கிறதெண்டால் இன்னும் இரண்டு நல்ல வெயில் காட்டுங்கோ.

மேட்டுக்காணி, நெடுங்கேணி:

நன்றி எல்லாருக்கும். இப்ப சாக்கில் கிடக்கிற பொத்தியில் பார்த்தன், உப்பு ஒட்டுது. நாளைக்குப் படங்கில் கொட்டுறன். கொத்துக் கலப்பை ஓகஸ்டுக்குச் சொல்லி வைச்சாச்சு, மேட்டு ஒரு ஏக்கருக்கு மட்டும். மயிலுக்கு யோசனை வேற ஏதும் இருந்தால் எழுதுங்கோ, வலை விலை கட்டாது.

கமக்காரன், ஓமந்தை:

போகம் முழுக்கக் காவல் நிற்கக் கட்டாது. விதைப்பை ஒரே நாளில் முடியுங்கோ, அப்ப காவலும் அதே பத்து நாளோட முடியும். மூன்று நாளாகப் பிரிச்சு விதைச்சால் மயிலுக்கு மூன்று பந்தி.